பெயர் எழுதாத படங்கள்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் செமோரில் நடந்த புகைப்படக் கண்காட்சி ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தின் நான்கு பக்கமும் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பு மாட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் கிடையாது, படத்துக்கென்று தனி விளக்கும் கிடையாது. ஆனாலும் வந்தவர்கள் யாரும் பார்த்தோம், போனோம் என்று நகர்ந்துவிடவில்லை. நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, விரலை நீட்டி, "இது கிராணி வீட்டுப் பிள்ளைதானே?", "இல்லக்கா, அது மேல்லைன் வீட்டுக்காரங்க" என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய நகரத்துக் காட்சிக்கூடங்களில் இந்தப் பேச்சுச் சத்தம் கேட்காது. அங்கே படத்தில் இருப்பவர் ஓர் ஊர், பார்க்க வருபவர் வேறு ஊர்.

நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான். படத்தைச் சுவரில் மாட்டியதோடு கண்காட்சியின் வேலை முடிந்துவிடாது. நம் தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை, படத்தில் நிற்பவரின் பெயரை மீட்டெடுப்பதுதான் அதன் முதல் வேலை. அந்த வேலையைக் கோலாலம்பூரில் செய்ய முடியாது, ஈப்போவில்கூட முழுசாகச் செய்ய முடியாது. பெயர் தெரிந்தவர்கள் இருப்பது செமோரில், தானா ஈத்தாமில், கிளேபாங்கில், சுங்கை சிப்புட்டில்.

நம் மக்களிடம் கேமரா எப்படி வந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி, பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் ஃபின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அரசாங்கம் நாடு முழுக்க ஆட்பதிவைத் தொடங்கியது. பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாருக்கும் அடையாள அட்டை, அதில் ஒரு படம், ஒரு பெருவிரல் ரேகை. பதிவுக் குழுக்கள் புகைப்படக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் போயின. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூடும் அதே ஜனம் படத்துக்காகவும் வரிசையில் நின்றது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்த பல பேருக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்ட முதல் படம் அதுதான். கல்யாணத்துக்கு எடுத்ததில்லை, பிள்ளை பிறந்தபோது எடுத்ததில்லை. நீ யார், எந்தப் பக்கம் என்று அரசாங்கம் கேட்ட கேள்விக்குப் பதிலாக எடுத்த படம். அந்த முகங்களைப் பாருங்கள். யாரும் சிரிக்கவில்லை. கண்கள் கேமராவை நேராகப் பார்க்கின்றன, தோள்கள் விறைத்திருக்கின்றன. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகள் இந்த அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டை இல்லாதவரைப் போலீஸ் விட்டு வைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு துண்டுக் காகிதத்தை மடியிலும் தகரப் பெட்டியிலும் வைத்துக் காப்பாற்றியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். பேரப்பிள்ளைகள் அந்த அட்டைப் படத்தைத்தான் பிறகு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். இங்கே இருக்கும் எத்தனையோ வீடுகளில், இறந்துபோன பெரியவருக்கு மாலை போட்டு வைத்திருக்கும் படத்தை உற்றுப் பார்த்தால், மூலையில் முத்திரை மையின் வளைவு தெரியும். அது எங்கிருந்து வந்த படம் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அட்டையில் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் எடுத்த படங்களில் அதுகூடக் கிடையாது.

கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர் கன்றுகளை நட்டது 1877இல். அடுத்த முப்பது ஆண்டுகளில் பேராக் முழுக்கத் தோட்டங்கள் பரவின. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். கேமராவும் வந்தது. சிங்கப்பூரில் கொடிகட்டிப் பறந்த ஜி.ஆர். லாம்பர்ட் ஸ்டுடியோ, இங்குள்ள இனங்களை வகை பிரித்துப் படம் எடுத்து வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்றது. மேடானில் ஸ்டுடியோ வைத்திருந்த கிளைன்குரோத்தே என்ற ஜெர்மானியர் 1907 வாக்கில் மலாயா தீபகற்பத்தைப் பற்றி ஓர் ஆல்பம் வெளியிட்டார். 1908இல் ஆர்னால்ட் ரைட் தொகுத்த, பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய கனத்த புத்தகம் லண்டனில் வந்தது. அதில் தோட்டங்களின் படங்கள் நிறைய. துரையின் பெயர் இருக்கும், பங்களா இருக்கும், ஆலை இருக்கும், எத்தனை ஏக்கர் என்றும் இருக்கும். மரத்தடியில் உளியோடு நிற்கும் தமிழச்சிக்குப் பெயர் இருக்காது. அஞ்சலட்டைகளிலும் அதே கதைதான்: தமிழ்க் கூலிகள், மலாயா. அவ்வளவுதான்.

அது வெள்ளைக்காரன் காலம் என்று நாம் சொல்லிவிட்டுப் போக முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்த படங்களையும் எடுத்துப் பாருங்கள். அரசியல் தலைவர் துன் சம்பந்தன் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடல் காலத்தில், 1960இல், தொழிலாளியின் பத்து பத்து வெள்ளியைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டம் வாங்கியவர். அவர் தோட்டங்களுக்கு வந்தபோது எடுத்த படங்கள் பல இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. மாலையை வாங்கிக்கொண்டவர் பெயர் நம் எல்லாருக்கும் தெரியும். மாலையைப் போட்டவர் யார்? பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு நிற்கும் மூன்று பெண்கள் யார்? அந்தப் பெண்கள் கட்டிய பத்து வெள்ளியில்தானே சங்கம் நின்றது?

இந்தக் கண்காட்சியில் வாசலுக்கு இடப்பக்கம், மூன்றாவதாகத் தொங்கும் சின்னப் படத்தை நீங்கள் போகும்போது பார்த்துவிட்டுப் போக வேண்டும். அஞ்சலட்டை அளவுதான். ஓரம் பல்பல்லாக வெட்டிய பழைய காகிதம். ஆயாக்கொட்டகை வாசலில் எடுத்தது. தரையில் ஏழு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே துணியில் தைத்த சட்டை, காலில் ஒன்றுமில்லை. கடைசிப் பிள்ளை தலையை ஆட்டியிருக்க வேண்டும், முகம் கலைந்துவிட்டது. பின்னால் ஆயா ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சேலையின் முந்தானை முழங்கைக்கு மேல் சுருட்டிச் செருகியிருக்கிறது. இடப்பக்க ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு தூளித்துணி தொங்குகிறது, அதற்குள் ஒரு பிஞ்சுக் கால் மட்டும் தெரிகிறது. ஜன்னல் விளிம்பில் பால் டின் ஒன்று. யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று பின்னால் எழுதவில்லை.

இன்று காலை ஒரு மூதாட்டி அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு பிள்ளைகளில் ஐந்து பேரின் பெயரைச் சொன்னார். அதில் ஒருவர் இப்போது எங்கே இருக்கிறார், யாரைக் கட்டினார், யார் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆயாவின் பெயரைச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. தாய் தகப்பன் இருவரும் இருட்டோடு பால்காட்டுக்குப் போய்விட, பகல் முழுக்கத் தனக்குக் கஞ்சி ஊட்டியவர் அந்த அம்மாள்தான் என்றார். தூளிக்குள் இருக்கும் அந்தக் கால் தன் தம்பியுடையதாக இருக்கலாம் என்றார். பேத்தி எல்லாவற்றையும் தன் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டாள். கண்காட்சி நடத்தியவர்களின் உழைப்புக்கு அந்தப் பத்து நிமிடம் ஒன்றே போதும் என்று நான் நினைக்கிறேன்.

இப்படிப் படங்களைத் தேடிச் சேர்த்து மக்கள் முன் வைப்பது நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய், அழிந்துகொண்டிருந்த குடும்பப் படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் கணினியில் பதிவு செய்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்குக் கைகொடுத்தது. சிங்கப்பூரில் 2015இல் கேம்பல் லேனில் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், குடும்பங்கள் கொடுத்த படங்களையும் பொருள்களையும் பெரிய அளவில் வைத்திருக்கிறது. நேப்பாளத்தில் 2011இல் தொடங்கிய படநூலகம் ஒன்று வீடு வீடாகப் படம் திரட்டியது. பெண்களின் பொதுவாழ்க்கையைப் பற்றிய படங்களை அவர்கள் 2018இல் பாட்டன் நகரத்தில் மக்கள் முன் வைத்தார்கள். டாக்காவின் சோபி மேளாவில் படங்களை ரிக்‌ஷா வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். காட்சிக்கூடத்துக்கு வராத மக்களிடம் காட்சிக்கூடமே போயிற்று.

சென்னையில் 2016இல் தொடங்கிய புகைப்பட பினாலே, முதல் ஆண்டிலேயே படங்களைப் பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கொண்டு வந்தது. வேலைக்குப் போகிறவர், பூக்கூடை சுமப்பவர் எல்லாரும் படத்தைக் கடந்துதான் போக வேண்டும். நம் நாட்டில் 2013இல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒப்ஸ்கூரா புகைப்படத் திருவிழா தொடங்கியது. தொடங்கியவர் விக்னேஸ் பாலசிங்கம், நம்மவர். உலகத்தரமான படங்களைப் பழைய கடைவீடுகளுக்குள் கொண்டுவந்து காட்டிய விழா அது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது பழனி குமாரின் வேலை. மதுரைக்காரர், மீன் விற்றுக் குடும்பம் நடத்திய தாயின் மகன். மலக்குழியில் இறங்கி உயிர்விட்ட தொழிலாளர்களின் குடும்பங்களை ஆண்டுக்கணக்காகப் படம் எடுத்தவர். அத்தோடு நிற்காமல் துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். வடசென்னைப் பிள்ளைகள் எடுத்த படங்கள் 2023இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டன. வெளியூர்க்காரன் வந்து எடுத்தால் குப்பைமேடாகத் தெரியும் தெரு, அந்தப் பிள்ளை எடுத்தால் தன் அக்காள் தண்ணீர் பிடிக்கும் தெருவாகத் தெரிகிறது. இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் தோட்டங்களைப் படமெடுக்க இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். இடிந்த லைன் வீடு, கூரையில் முளைத்த ஆலங்கன்று, வெற்றிலைக்கறை பல்லோடு ஒரு கிழவர். கறுப்பு வெள்ளையில் நன்றாகத்தான் இருக்கிறது. போட்டியில் பரிசும் கிடைக்கிறது. நான் அந்தத் திறமையை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிழவருக்குப் பெயர் போடாமல், அவர் எந்தத் தோட்டத்தில் எந்த நிரையில் மரம் வெட்டினார் என்று கேட்காமல், தலைப்பில் 'காலம்' என்றோ 'தனிமை' என்றோ எழுதினால், 1908இல் ஆர்னால்ட் ரைட் செய்த அதே காரியத்தை நாமும் செய்கிறோம். தமிழன் செய்தால் அது சரியாகிவிடாது.

ஈப்போவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய நகரத்தில் ஹான் சின் பெட் சூ என்ற கட்டடம் இருக்கிறது. 1893இல் தொடங்கிய ஹக்கா ஈயச் சுரங்க முதலாளிகள் மன்றத்தின் கட்டடம் அது. 2015இல் ஈப்போவேர்ல்டு குழுவினர் அதை அருங்காட்சியகமாக்கினார்கள். உள்ளே போனால் சுரங்கத்தில் வேலை செய்தவன் எப்படி வாழ்ந்தான், என்ன சாப்பிட்டான், எப்படிச் சூதாடினான் என்று படங்களோடும் பொருள்களோடும் பார்க்கலாம். அதே பழைய நகரத்துக் கொங் ஹெங்கில் திரைப்பட இயக்குநர் யாஸ்மின் அகமதுவுக்கென்று ஒரு சிறிய நினைவிடம் அமைத்தார்கள். இரண்டையும் நான் மெச்சுகிறேன். மற்றவர்கள் தங்கள் நினைவுகளுக்கு இடம் தேடிக்கொண்டார்கள், நாம்தான் இன்னும் தேடவில்லை. பால்மரத்தில் வாழ்ந்த மக்களுக்கு அதுபோல் ஒரு வீடு ஈப்போவில் நான் பார்த்ததில்லை. அரசாங்கத்தைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கட்டடம் வருகிறவரை கைகட்டி உட்கார்ந்திருந்தால், கட்டடத்தில் வைப்பதற்குப் படம் இருக்காது, பெயர் சொல்ல ஆளும் இருக்க மாட்டார்கள்.

கோயில் மண்டபம் போதும். தமிழ்ப்பள்ளிக் கூடம் போதும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் கூடும் கூட்டத்தில் ஒரு பந்தல் போட்டால், பேராக் முழுக்கச் சிதறிப்போன தோட்டத்துச் சனம் ஒரே நாளில் அந்தப் படங்களைப் பார்த்துவிடும். தோட்டம் செம்பனையாகவும் தாமான் குடியிருப்பாகவும் மாறிய பிறகு, பக்கத்து லைனில் இருந்தவர்கள் இப்போது ஒருவர் புந்தோங்கில், ஒருவர் கிள்ளானில், ஒருவர் ஜோகூரில். அவர்கள் திரும்ப ஒன்றாய்க் கூடுவது திருவிழாவிலும் துக்க வீட்டிலும்தான். கண்காட்சியை அங்கே கொண்டுபோங்கள்.

இனி, படங்களைக் காப்பாற்றுவது எப்படி என்று சில விஷயங்கள். நம் ஈரக்காற்று படத்துக்கு எமன். பூஞ்சை பிடிக்கும், கரையான் அரிக்கும். எழுபது, எண்பதுகளில் எடுத்த கலர்ப் படங்கள் செக்கச்சிவந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள நீலப் பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடுகிறது, சிவப்பு மிஞ்சுகிறது. அதைத் தடுக்க முடியாது, ஸ்கேன் செய்து வைத்தால் பிறகு ஓரளவு நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம். அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். தொலைபேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பம் ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. அந்தப் பசை காலப்போக்கில் படத்தைத் தின்றுவிடும். படம் வர மறுத்தால் இழுக்காதீர்கள், பல்லிடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்குக் கீழே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆல்பத்தில் வைத்தபடியே ஸ்கேன் செய்துவிடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் அப்படித்தான், கண்ணாடியோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும்.

துக்க வீட்டுப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவரை நடுவில் வைத்துக் குடும்பமே சுற்றி நின்று எடுத்த படம் நம் வீடுகளில் உண்டு. அபசகுனம் என்று இப்போதைய பிள்ளைகள் எரித்துவிடுகிறார்கள். எரிக்காதீர்கள். சொந்தபந்தம் அத்தனை பேரும் ஒரே சட்டத்துக்குள் நிற்பது பல குடும்பங்களில் அந்த ஒரு படத்தில்தான். பொதுவில் மாட்ட மனமில்லாவிட்டால் மாட்ட வேண்டாம், குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எந்தப் படத்தையும் மாட்டவே கூடாது. ஆனால் படம் இருக்கட்டும்.

கண்காட்சி நடத்தும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கயிற்றில் ஒரு பென்சிலைக் கட்டிவிடுங்கள். தெரிந்தவர்கள் பெயர் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், பக்கத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளை எழுதட்டும். ஒரே முகத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள். கண்காட்சி முடியும்போது அந்தத் தாள்கள்தான் உங்கள் பட்டியல், அவற்றைப் படத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

வந்திருக்கும் பெரியவர்களையும் தாய்மார்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஆல்பத்தை எடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மை பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும். கூர் மழுங்கிய மென்மையான பென்சிலை எடுத்து, படத்தைக் கவிழ்த்து, அழுத்தாமல் எழுதுங்கள்: பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், தெரிந்தால் ஆண்டு. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் ஆகும். இன்றைக்கே எழுதிவிடுங்கள்.